கொல்லை இருட்டு, கிணறு, தெருநாய்: சிறார் நாவல் கேள்வி – பதில்

பிள்ளைகளின் பயத்தை வைத்து நாவல் எழுதுகிறவர்களும், அதை வீட்டிலும் வகுப்பிலும் வாசித்துக் காட்டுகிறவர்களும் கேட்ட கேள்விகள் இந்த முறை. மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, சோழவந்தான்: என் நாவலில் 9 வயதுப் பையனுக்கு இருட்டென்றால் நடுக்கம். ராத்திரி கொல்லைப் பக்கம் போகவே மாட்டான். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அப்பத்தா தாயத்துக் கட்டி, "நீ சிங்கக்குட்டிடா" என்கிறாள். அன்றிரவே தனியாகப் போய் வந்துவிடுகிறான். பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை வாயைப் பிளந்து கேட்டவர்கள் "அவ்வளவுதானா?" என்று எழுந்து போய்விட்டார்கள். எங்கே கோளாறு?

கோளாறு தாயத்தில் இல்லை. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய நாலைந்து அத்தியாயங்களைக் காணோம். நேற்றுவரை வாசற்படி தாண்டாதவன் இன்று கொல்லைக் கோடிவரை போய்வருகிறான் என்றால், பயந்து பழகிய எந்தப் பிள்ளையும் நம்பாது. பயம் அப்படிப் போகாது என்று பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பயம் எப்படித் தங்குகிறது என்று முதலில் பாருங்கள். பையன் கொல்லைக் கதவுவரை போகிறான். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஓடிவந்து அம்மா பக்கத்தில் படுக்கிறான். படுத்த நிமிடமே நெஞ்சு தணிகிறது. 'ஓடினோம், தப்பித்தோம்' என்று உடம்பு படித்துக்கொள்கிறது. மறுநாள் கதவுவரைகூடக் கால் போகாது. ஆகவே நாவலின் முன்பாதியில் பயம் வளரவேண்டுமானால் பேய்க்கதையை வளர்க்காதீர்கள். அவன் தவிர்க்கிற இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். முதலில் கொல்லை, பிறகு மாடிப்படி, கடைசியில் கரண்ட் போனால் சொந்தக் கூடமே.

குறைவதும் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்கு உதவும். முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, முயல் கூண்டை அறையின் மறுகோடியில் வைத்தார்கள். அவன் அழாத தூரம் எதுவோ அங்கே. நாள் போகப் போகக் கூண்டு கிட்டே வந்தது. பயமில்லாத வேறு பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். முடிவில் முயல் அவன் விரலைக் கொறிக்க விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாவலாசிரியர் கவனிக்கவேண்டியது நடுவில் நடந்ததை. பீட்டர் காய்ச்சலில் படுத்து இரண்டு மாதம் முயற்சி நின்றுபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பெரிய நாய் ஒன்று வேறு மிரட்டிவிட்டது. பயம் பழையபடி முழுசாகத் திரும்பிவிட்டது. மறுபடி தொடங்கித்தான் கொண்டுவந்தார்கள். உங்கள் நாவலிலும் அப்படி ஒரு சறுக்கல் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு தாண்டியபின் அதை வையுங்கள். சறுக்காத கதையை வாசிக்கிற பிள்ளை, தான் சறுக்கும்போது 'நம்மிடம்தான் ஏதோ குறை' என்று நினைத்துக்கொள்ளும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஏழெட்டுப் படி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பையன் எத்தனை மார்க் பயம் போடுவான், 0 முதல் 10 வரை, என்று பக்கத்தில் குறியுங்கள். லைட் எரிய, அப்பத்தா நிலைப்படியில் உட்கார்ந்திருக்க, கொல்லையைப் பார்ப்பது 2. லைட்டை அணைத்துவிட்டு அதே நிலைப்படியில் இருவரும் உட்காருவது 4. டார்ச்சோடு துவைகல்வரை போய்த் திரும்புவது 6. டார்ச் கையில் இருந்தும் அடிக்காமல் போவது 8. கோடியில் இருக்கும் பஞ்சாரத்தை, அதாவது கோழியை அடைக்கும் கூடையை, தனியாகப் போய் மூடுவது 9. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இரண்டு மார்க்குக்குமேல் தாவினால் அந்த இடத்தில் கதை பொய்யாகும். ஒரே படியில் இரண்டு மூன்று ராத்திரி நிற்கலாம். அங்கேதான் சிரிப்பும் சண்டையும் வைக்க இடம் கிடைக்கும்.

பஞ்சாரத்தைச் சும்மா சொல்லவில்லை. பையனுக்குப் போயே தீரவேண்டிய வேலை ஒன்று வேண்டும். குஞ்சு பொரித்த கோழி அவனுடையது. பஞ்சாரம் சரியாகக் கவிழ்க்கப்படவில்லை. பூனை நடமாட்டம் இருக்கிறது. தைரியசாலி ஆகவேண்டும் என்று எந்தப் பிள்ளையும் இருட்டுக்குள் போவதில்லை. குஞ்சுக்காகப் போகும்.

இனி நடை. உங்கள் பிரதியில் "பயத்தால் வெடவெடவென நடுங்கினான்" என்று அத்தியாயத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது. நடுக்கத்தைச் சொல்லாமல் கண்ணும் கையும் என்ன செய்கின்றன என்று எழுதிப்பாருங்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆனால் முதல் நிமிடத்திலேயே வெளிறிய பொருள்கள் ஒன்றிரண்டு புலப்படத் தொடங்கும். நிறம் தெரியாது. நேராக உற்றுப் பார்ப்பதைவிட ஓரக்கண்ணால் பார்த்தால் மங்கலான பொருள் நன்றாகத் தெரியும். டார்ச்சை ஒருமுறை முகத்தில் அடித்தால் பழகியது போச்சு. இத்தனையும் உங்களுக்குக் கதைச் சரக்கு. எப்படி வரலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"நாதாங்கி சில்லென்றிருந்தது. தூக்கினான். கதவு ஒரு சாண் திறந்தது. ஒன்றுமே இல்லை, கறுப்புதான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். பதினேழில் துவைகல் வந்தது. முப்பதில் கொடிக்கயிறு வந்தது. கயிற்றில் கிடந்த அப்பத்தாவின் சேலை லேசாக அசைந்தது. கதவைச் சாத்திவிட்டான். 'எம்புட்டு எண்ணுன?' என்றாள் அப்பத்தா. 'முப்பத்தொண்ணு' என்றான். முப்பத்தொன்றை உள்ளே வந்துதான் எண்ணினான்."

இந்த ராத்திரி அவன் தோற்றுத்தான் போகிறான். ஆனாலும் முந்தின ராத்திரியைவிட முப்பது எண் கூடுதலாக நின்றிருக்கிறான். வாசிக்கிற பிள்ளை இதைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டாம். தாயத்து கழுத்திலேயே கிடக்கட்டும், அதற்கு வேலை கொடுக்காதீர்கள். அது அறுந்து விழுந்தபின் 'சக்தி உன்னிடமே இருந்தது' என்று அப்பத்தா சொல்வதாகத் திருத்திவிடவும் வேண்டாம். அது அரதப் பழசு.

இளம் எழுத்தாளர், உசிலம்பட்டி: முனி, கருப்பு என்று பயமுறுத்தியே எங்கள் ஊரில் பிள்ளை வளர்க்கிறார்கள். 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று ஒரு சயின்ஸ் வாத்தியார் விளக்கி முடிப்பதாக நாவலை எழுதியிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. வாத்தியார் விளக்கியதும் பயம் போய்விட்டால், அத்தனை நாளும் அந்தப் பிள்ளை செய்தது என்ன? உட்கார்ந்து கேட்டது. கதாநாயகன் வாத்தியார் என்றாகிவிடுகிறது. இன்னொன்று, உங்கள் நாவலை வாசிக்கப்போகும் பிள்ளையின் வீட்டில் கருப்பு குலதெய்வமாக இருப்பார். அப்பாவும் ஐயாவும் கும்பிடுகிற சாமியைப் பேய்ப் பட்டியலில் போட்டால் அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

கருப்பு ஒரு காவல் தெய்வம் என்பதிலேயே உங்கள் கதை இருக்கிறது. அரிவாளும் முறுக்கு மீசையும் யாருக்கு எதிராக? ஊருக்குள் வருகிற கெட்டதற்கு எதிராக. பிள்ளை அந்த மிரட்டும் முகத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று கேள்வியை மாற்றிப்போடுங்கள். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவமே கிடையாது. சாத்திய கதவுகளுக்குத்தான் சந்தனமும் மாலையும். கதவுக்குப் பின்னால் என்ன என்பதைப் பிள்ளை மனசு எப்படியெல்லாம் நிரப்பும்! பயக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. பாண்டி கோயிலிலோ நேர்மாறு. முனி சம்மணம் போட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார், வெளியில் கிடாவெட்டும் கூட்டமும் அமர்க்களப்படும். பயம் சாமியிடமிருந்து வருகிறதா, சத்தத்திலிருந்து வருகிறதா என்று ஒரு பிள்ளையைக் கேட்க வைக்கலாம்.

விளக்கம் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கோயிலுக்கு மண்குதிரை எடுத்துப்போகும் திருவிழாவான புரவியெடுப்புக்காக, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் குதிரை செய்கிறார்கள். மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, கால்களை நாலு உருளைகளாக முதலில் நிறுத்தி, மேலே வயிற்றைக் கட்டி, கழுத்தும் தலையும் பிறகு ஒட்டுவார்கள். உள்ளே முழுக்க வெற்றிடம். கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். காற்றுப் போக வயிற்றில் ஓட்டை விட்டிருப்பார்கள். கோயில் குதிரையைக் கண்டாலே கண்ணைப் பொத்திக்கொள்ளும் பெண் பிள்ளை, காயாத குதிரையின் அந்த ஓட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவுகிறாள். ஈரமும் உமியும்தான் தட்டுப்படுகின்றன. திருவிழாவன்று அதே குதிரைக்குக் கண் திறந்து தோளில் தூக்கிக்கொண்டு வரும்போது மறுபடி உடம்பு சிலிர்க்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கட்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆசிரியர் அங்கே வரவேண்டாம்.

விவசாயி, அலங்காநல்லூர்: எங்கள் பக்கம் மாமன் தூக்கிக் கிணற்றில் போட்டுத்தான் பிள்ளைகள் நீச்சல் படிக்கும். மகளுக்காக எழுதும் கதையில் அப்படியே வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆட்சேபிக்கிறார்கள்.

ஆட்சேபணை நியாயம். தள்ளிவிட்டும் நீந்தப் பழகியவர்கள் உயிரோடு இருந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மற்றவர்கள் சொல்ல இல்லை. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கத்திக் கையாட்டாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கவே சரியாக இருக்கும், கூப்பிட நேரமிருக்காது. மேட்டில் நிற்கிறவர்கள் விளையாடுகிறது என்று நினைப்பார்கள். இதை வாசிக்கிற பிள்ளை நாளைக்குத் தம்பியைத் தள்ளிவிட்டுப் பார்க்கும்.

கதைக்கும் அது நஷ்டம். தள்ளிவிட்டால் ஒரே பக்கத்தில் வேலை முடிந்துவிடும். படிப்படியாக இறக்கினால் ஆறு அத்தியாயம் கிடைக்கும். மேற்படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைப்பது. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் கீழே காலில் ஜில்லென்றும் இருப்பதைக் கண்டுபிடிப்பது. இடுப்பளவுப் படியில் நின்று முகத்தை முக்கி மூக்கால் குமிழி விடுவது. படியைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பது. பிறகுதான் முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மாமன் கையில். குடுக்கை நன்றாகக் காய்ந்து, ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதையும் எழுதுங்கள்.

தவறு எங்கே வரும் என்பதும் எழுதத் தக்கது. பயந்த பிள்ளை தலையை மேலே தூக்கும். தலை தூக்கத் தூக்க இடுப்பும் காலும் கீழே போகும், உடம்பு செங்குத்தாகும், பயம் இன்னும் கூடும். காதுவரை தண்ணீரில் சாய்த்து, மூச்சை நெஞ்சில் நிறுத்தினால் உடம்பு தானாக மேலே வரும். பயம் சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்யவேண்டிய இடம் அது. உங்கள் நாவலின் உச்சக்கட்டத்தை அங்கே வையுங்கள். மாமன் கயிற்றை விட்டுவிட்டு "நீயேதான் நீந்துனே" என்று சிரிக்கிற காட்சி மட்டும் கண்டிப்பாக வேண்டாம். கயிற்றை எப்போது அவிழ்ப்பது என்பதை அவள் சொல்லட்டும். ஏமாற்றிக் கிடைத்த தைரியம் அடுத்த தடவை ஆளை நம்பாது.

குடும்பத் தலைவி, செல்லூர்: தெருநாய்க்குப் பயந்த சிறுமி கடைசியில் அதே நாயைக் கட்டிக்கொள்வதாக ஒரு கதை வாசித்தேன். என் பையனுக்கும் நாய் பயம். வாசித்துக் காட்டலாமா?

வேண்டாம். நாயிடம் கொஞ்சம் பயம் இருப்பது புத்தி. குறையவேண்டியது, நாய் நிற்கிற தெருவழியாகப் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்கிற அளவு. அப்படிப்பட்ட கதையில் சிறுமி கடைசியில் நாயைத் தொடாமலேயே தெருவைக் கடந்துவிட்டால் போதும். கடக்கிற விதத்தைச் சரியாக எழுதவேண்டும்: ஓடக்கூடாது, கண்ணோடு கண் முறைக்கக்கூடாது, நாய் கிட்டே வந்தால் கையை உடம்போடு சேர்த்து அசையாமல் நிற்கவேண்டும், கீழே விழுந்துவிட்டால் சுருண்டு கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளவேண்டும். சாப்பிடுகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகவே கூடாது. கதையில் கடி விழுந்தால் அடுத்த வரியே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும், அன்றே ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதுமாக இருக்கவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டுகிற பாட்டி எவ்வளவு பிரியமான பாத்திரமானாலும் வெட்டிவிடுங்கள். திட்டு வாங்குமோ என்று பிள்ளை கடியை மறைப்பதாக எழுதினால் இன்னும் நல்லது. நிஜத்தில் நடக்கிற ஆபத்து அதுதான்.

ஒரு தாய், திருமங்கலம்: 6 வயது மகளுக்குப் பேய் வருகிற நாவலை வாசிக்கலாமா? ராத்திரி அலறுகிறாள்.

மூன்று முதல் ஆறு வயதுவரை இருட்டு, பேய், கட்டிலுக்கு அடியில் இருப்பது ஆகிய பயங்களுக்கான பருவம். நிஜத்தையும் கற்பனையையும் பிரிக்கிற கோடு இன்னும் அழுத்தமாக விழுந்திருக்காது. பகலில் வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தலாம் என்று நீங்கள் முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள்; பேய் கதவைத் தட்டுகிற இடத்தில் 'மீதி நாளைக்கு' என்று மூடுவது கொடுமை. "போதும்" என்றால் போதும்தான்.

அலறல் எப்போது என்று பாருங்கள். தூங்கிய இரண்டொரு மணி நேரத்துக்குள் கண் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது தூக்க அலறல். எழுப்பாமல் பக்கத்தில் இருந்தால் தணிந்துவிடும், புத்தகத்தைக் குறை சொல்லவேண்டியதில்லை. விடியற்காலைப் பக்கம் விழித்து, கண்டதைக் கதையாகச் சொன்னால் அது கெட்ட கனவு. அப்போது அந்த நாவலை ஓராண்டு அலமாரியில் வையுங்கள். பயத்தால் பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் மாதக்கணக்கில் கெடுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416இல் இலவசமாகப் பேசலாம்.

ஆசிரியர், மேலூர்: பயத்தை எதிர்கொள்ளச் சொல்லும் நாவலை வகுப்பில் வாசித்தோம். ஒரு மாணவி, "ஒரு ஆளைப் பார்த்தா பயமா இருக்கு, அதையும் எதிர்கொள்ளணுமா சார்?" என்று கேட்டாள்.

இல்லை என்று அந்த நிமிடமே சொல்லவேண்டும். பிறகு தனியாக, மற்ற பிள்ளைகள் காதில் விழாமல், அவசரப்படுத்தாமல் கேட்கவேண்டும். "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற சொல் வாயில் வரக்கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 'எல்லாப் பயமும் மனசில்தான்' என்று ஒரே போடாகப் போடுகிற நாவல், இந்த மாணவியைப் போன்றவர்களைத் தனியே விட்டுவிடும். இருட்டைப் பற்றிய கதையிலேயே ஒரு சின்ன இடம் வையுங்கள்: பையனின் அக்கா ஒரு வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறாள், அம்மா காரணம் கேட்டு வற்புறுத்தாமல் "சரி, போகவேண்டாம்" என்கிறாள், பின்னொரு நாள் அவள் சொல்கிறாள், அம்மா நம்புகிறாள். இரண்டு பக்கம் போதும்.

கல்லூரி மாணவி, கே.கே.நகர்: பேச்சு மதுரைத் தமிழில் இருக்கலாமா? எத்தனை பக்கம், எப்படி அச்சிடுவது?

உரையாடல் மதுரைப் பேச்சாகவே இருக்கட்டும்: அங்கிட்டு, இங்கிட்டு, எம்புட்டு, பைய வா. கதை சொல்லும் வரிகளை எளிய பொதுத்தமிழில் வையுங்கள். மூன்றாவது நாலாவது படிக்கிற பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட அதுவே சுலபம். வாக்கியத்துக்கு எட்டுப் பத்துச் சொல்லுக்குமேல் போகாதீர்கள். பயக் காட்சியில் இன்னும் சுருக்குங்கள்.

8 முதல் 10 வயதினருக்கு டெம்மி அளவில் 80 அல்லது 96 பக்கம் வசதி. அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 16இன் மடங்கில் முடித்தால் வெற்றுத்தாளுக்குக் காசு போகாது. எழுத்து 14 பாயிண்ட்டுக்குக் குறையக்கூடாது. ஓவியரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: பயமுறுத்துகிற பொருளை அட்டையில் முழுசாக வரையவேண்டாம், உள்ளே வரைந்தாலும் வலப்பக்கத்தில் வேண்டாம். தாளைத் திருப்பினதும் கண்ணில் அறைவது வலப்பக்கம்தான். இடப்பக்கத்தில் போட்டால் முந்தின பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, திருப்பலாமா என்று யோசிக்கப் பிள்ளைக்கு ஒரு நொடி கிடைக்கும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வாங்கித்தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அச்சுக்குப் போகும் முன் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. அங்கே பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை எடுத்து எந்தப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கவனித்தாலும் நிறையத் தெரியும். "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். எங்கே நெளிகிறார்கள், எங்கே கிட்டே நகர்ந்து வருகிறார்கள் என்று பென்சிலால் பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் "அவன் ஏன் போனான்?" என்று மட்டும் கேளுங்கள். "தைரியம் வந்துருச்சு" என்று பதில் வந்தால் காரணம் இன்னும் எழுதப்படவில்லை. "கோழிக்குஞ்சைப் பூனை தூக்கிரும்ல" என்று வந்தால் அச்சகத்துக்குப் போகலாம்.